விஞ்ஞானத்திற்காக ஓர் ஊர்வலம்



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விஞ்ஞானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பஞ்சை நனைத்து அதன்மேல் பச்சைப் பயற்றை இட்டு, ஒரு கிண்ணத்தைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்திருந்தோம். சில நாட்கள் கழித்து இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தோம். வெளிச்சம் பட்ட நாற்று பச்சையாகவும் குட்டையாகவும் இருந்தது. இருட்டில் இருந்தது வெளுத்து, நீண்டு, துவண்டு கிடந்தது. மாணவர்கள் அளவுகோலால் அளந்து ஏட்டில் குறித்துக்கொண்டார்கள்.

பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவன் பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றை நீட்டினான். வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானிகள் பதாகைகளைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடந்து போகும் படம் அது. அவன் கேட்டான்: “ஐயா, வெளிச்சம் இல்லாவிட்டால் பயறு வெளுத்துப் போகும் என்பதை நாம் கொடி பிடித்தா நிரூபித்தோம்? அளந்துதானே பார்த்தோம்? விஞ்ஞானம் உண்மை என்றால் இவர்கள் ஏன் ஊர்வலம் போகிறார்கள்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். மறுநாள் வகுப்பில் நான் சொன்னதைத்தான் இன்று சற்று விரிவாக உங்கள் முன் வைக்கிறேன்.

நேயர்களே, அந்தச் சிறுவனின் கேள்வியில் ஓர் ஆழமான நியாயம் இருக்கிறது. ஓர் ஊரே திரண்டு நின்று முழக்கமிட்டாலும் நீர் மேட்டை நோக்கி ஓடாது. கூட்டத்தின் பெருக்கம் ஓர் உண்மையை உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது. இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று இருக்கிறது. முதலில் அதைக் காண்போம்.

இங்கிலாந்து நாட்டில் லெஸ்டர் என்று ஒரு தொழில் நகரம். பெரியம்மை நோய் மக்களைக் கொள்ளை கொண்ட காலம் அது. எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர் 1796-ஆம் ஆண்டிலேயே பெரியம்மைக்குத் தடுப்பு முறையைக் கண்டு காட்டியிருந்தார். 1853-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதை அரசாங்கம் கட்டாயமாக்கியது. மறுத்த பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். அபராதம் கட்டாதவர்களின் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள்.

மக்களின் கோபம் வளர்ந்தது. 1885-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் லெஸ்டர் நகரில் மாபெரும் ஊர்வலம் நடைபெற்றது. அதில் கலந்துகொண்டவர்கள் 80,000 முதல் 1 இலட்சம் பேர் வரை இருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஊர்வலத்தில் ஒரு குழந்தையின் சவப்பெட்டியைச் சுமந்து சென்றார்கள். தடுப்பூசி குழந்தைகளைக் கொல்கிறது என்பது அதன் பொருள். ஜென்னரின் உருவப் பொம்மையையும் தூக்கிச் சென்றார்கள்.

அந்த மக்களை நாம் எள்ளி நகையாடக் கூடாது. அவர்களுடைய குறைகளில் உண்மையும் இருந்தது. அன்றைய அம்மை குத்தும் முறை இன்றுபோல் தூய்மையானதன்று. ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலை மற்றொரு குழந்தையின் கையில் குத்துவதும் உண்டு. அதனால் வேறு நோய்கள் தொற்றிய நிகழ்ச்சிகளும் இருந்தன. ஏழைக்கு அபராதம் பெருஞ்சுமையாகவும் இருந்தது. ஆகவே சட்டத்தின் கடுமையை அவர்கள் எதிர்த்ததில் நியாயம் உண்டு. 1898-ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது.

ஆனால், தடுப்பூசியே பயனற்றது என்று அவர்கள் நம்பியது தவறு. அந்தத் தவற்றை 1 இலட்சம் பேர் சேர்ந்து சொன்னாலும் அது சரியாகிவிடவில்லை. உலகெங்கும் தடுப்பூசி போட்டும், நோய் கண்ட இடத்தை உடனே தேடிப் பிடித்துக் கட்டுப்படுத்தியும் பெரியம்மையை விரட்டினார்கள். இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977-ஆம் ஆண்டு சோமாலியா நாட்டில் கண்டறியப்பட்டது. 1980-ஆம் ஆண்டு மே மாதம், பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அப்படியானால் விஞ்ஞானத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். லெஸ்டர் ஊர்வலம் நடந்து 127 ஆண்டுகளுக்குப் பின், வேறொரு நாட்டின் தலைநகரில் மற்றொரு சவப்பெட்டி ஊர்வலமாகச் சென்றது. இம்முறை அதைச் சுமந்தவர்கள் விஞ்ஞானிகளே!

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில் காடுகளுக்கு நடுவே 58 சிறிய ஏரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 1968-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. நாம் கிண்ணத்தில் பயறு முளைக்க வைத்துப் பார்த்தோம் அல்லவா? அங்கே முழு ஏரியையே கிண்ணமாக வைத்துச் சோதனை செய்கிறார்கள்.

அக்காலத்தில் அமெரிக்கா, கனடா நாடுகளின் பெரிய ஏரிகளில் பச்சைப் பாசி படர்ந்து, நீர் நாறி, மீன்கள் மடிந்துகொண்டிருந்தன. காரணம் என்ன? துணி துவைக்கும் தூளிலும் கழிவுநீரிலும் உள்ள பாஸ்பரஸ் என்று விஞ்ஞானிகள் சிலர் கூறினார்கள். சலவைத்தூள் தொழில் தரப்பினர் இதை மறுத்து, கார்பன்தான் காரணம் என்று வாதாடினார்கள். இரண்டு பக்கமும் வாதம் நீண்டுகொண்டே போயிற்று.

1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 226-ஆம் எண் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏரி நடுவில் இடுப்புப்போல் குறுகியிருக்கும். அந்தக் குறுகிய இடத்தில் நீர் புகாத திரை ஒன்றைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் இட்டார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சைப் பசேலென்று பாசி பிடித்துவிட்டது. மறு பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த ஒரே படம் எல்லாருக்கும் விளங்கும்படி உண்மையைச் சொல்லிவிட்டது. சலவைத்தூளில் பாஸ்பேட் அளவைக் குறைக்கும் சட்டங்களுக்கு அந்தப் படம் பெருந்துணையாக நின்றது.

கவனியுங்கள், மாணவர்களே! பாஸ்பரஸ்தான் காரணம் என்பதை எந்த ஊர்வலமும் முடிவு செய்யவில்லை. ஓர் ஏரி, ஒரு திரை, சில வாரப் பொறுமை இவைதாம் முடிவு செய்தன. ஆனால் அந்தச் சோதனை நடப்பதற்கு ஏரி வேண்டும், பணம் வேண்டும், கண்டதைச் சொல்லும் சுதந்திரமும் வேண்டும். அந்த மூன்றுக்கும்தான் பின்னாளில் ஆபத்து வந்தது.

2010-ஆம் ஆண்டில் கனடா அரசாங்கம் மக்கள் கணக்கெடுப்பின் விரிவான படிவத்தைக் கட்டாயமில்லை என்று மாற்றியது. விரும்பியவர்கள் நிரப்பலாம், விரும்பாதவர்கள் விட்டுவிடலாம் என்றானது. கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும். ஆனால் ஏழைகளும், புதிதாகக் குடியேறியவர்களும், மொழி தெரியாதவர்களும்தாம் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். கணக்கில் வராதவனுக்குப் பள்ளியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. நாட்டின் தலைமைப் புள்ளியியல் அதிகாரி முனீர் ஷேக் அந்த முடிவை ஏற்க முடியாமல் பதவியிலிருந்தே விலகினார்.

இன்னொன்றும் நடந்தது. அரசாங்க விஞ்ஞானிகள் செய்தியாளர்களிடம் பேச வேண்டுமானால் மேலிடத்தின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வந்தது. கிறிஸ்டி மில்லர் என்ற விஞ்ஞானி ஃபிரேசர் ஆற்றில் சால்மன் மீன்கள் மடிவதைப் பற்றி ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் உலகப் புகழ் பெற்ற ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆனால் அதைப் பற்றிச் செய்தியாளர்களிடம் விளக்கம் சொல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. எழுதியவருக்கே வாய்ப்பூட்டு!

அடுத்து 2012-ஆம் ஆண்டில், நான் சொன்ன அந்த ஏரி ஆய்வுத் திட்டத்துக்கும் பணம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து எடுத்துவந்த அளவுகள் அறுந்துபோகும் நிலை. ஒரு மாணவன் ஆண்டு முழுவதும் மழையளவைக் குறித்துவிட்டு இரண்டு மாதம் விட்டுவிட்டால், விட்டுப்போன அந்த இரண்டு மாதத்தைப் பிறகு எவராலும் அளந்து கொடுக்க முடியாது. தொடர்ந்து எடுக்கும் அளவின் அருமை அதுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் 2012-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் தலைநகர் ஒட்டாவாவில் வீதிக்கு வந்தார்கள். அமைப்பாளர்களின் கணக்குப்படி ஏறக்குறைய 2,000 பேர். பலர் ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியிலேயே வந்தார்கள். முன்னால் ஒரு சவப்பெட்டி சென்றது. அதற்குள் யாருடைய உடலும் இல்லை. சான்று செத்துவிட்டது, அதற்கு இறுதி ஊர்வலம் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாடாளுமன்றம் வரை நடந்தார்கள். முன்னின்று ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான கேட்டி கிப்ஸ் அப்போது உயிரியல் துறையில் முனைவர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி.

லெஸ்டர் சவப்பெட்டியையும் ஒட்டாவா சவப்பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது, “எங்கள் முடிவை ஏற்றுக்கொள்” என்றது. பின்னது, “எங்களை அளக்க விடு, அளந்ததைச் சொல்ல விடு” என்றது. ஒட்டாவாவில் நடந்தவர்கள் எந்த ஓர் ஆய்வின் முடிவையும் கூட்டத்தின் பலத்தால் நிலைநாட்டக் கேட்கவில்லை. ஆய்வு என்ற கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

ஊர்வலம் போன மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் பல நகரங்களில் மீண்டும் கூடினார்கள். ஏரி ஆய்வுத் திட்டத்தை ஓர் ஆய்வு நிறுவனம் பொறுப்பேற்று 2014-ஆம் ஆண்டு முதல் நடத்தத் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் பொதுத்தேர்தல் வந்து ஆட்சி மாறியது. நவம்பர் மாதமே விரிவான கணக்கெடுப்புப் படிவம் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வைப் பற்றித் தாராளமாகப் பேசலாம் என்ற அறிவிப்பும் வந்தது. தேர்தல் முடிவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆயினும் ஆய்வுக்கூடத்துக் குறை ஒன்று நாட்டு மக்களின் பேச்சாக மாறியதற்கு அந்த ஊர்வலம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

நேயர்களே, “ஏரியும் மீனும் படிவமும் படித்தவர்களின் கவலை. நம்மைப்போன்ற சாதாரண மக்களுக்கு இதனால் என்ன?” என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்காக, கனடாவின் அண்டை நாடான அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளால் செழித்து, பின்னர் வேலையின்றி நொடித்துப்போன ஊர். சுமார் 1 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். செலவைக் குறைப்பதற்காக 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நகரத்தின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்தை நீரில் கலக்க வேண்டும். அதைக் கலக்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் படிந்திருந்த பாதுகாப்புப் படலம் கரைந்து, ஈயம் குடிநீரில் இறங்கியது.

குழாயில் பழுப்பு நிற நீர் வந்தது. தாய்மார்கள் அந்த நீரைப் புட்டிகளில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகள் முன் காட்டினார்கள். “நீர் பாதுகாப்பானதுதான்” என்ற பதிலே வந்தது. பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளின் நீரை மக்களே முறைப்படி பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஈயம் இருப்பது தெரிந்தது. அதே வேளையில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். நீர் மாறுவதற்கு முன்னும் பின்னும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒப்பிட்டார். அளவுக்கு மேல் ஈயம் கொண்ட குழந்தைகள் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாக, ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்திருந்தார்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டதை மருந்தால் திருப்பிப் பெற முடியாது. ஆகவே அவர் 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் செய்தியாளர்களைக் கூட்டி உண்மையை வெளியிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் அவருடைய கணக்கே தவறு என்றார்கள். சில நாட்களில் தங்கள் சொந்தப் பதிவுகளும் அதையே சொல்வதை ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் பழைய நீர் மீண்டும் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் நாட்டுத் தோட்ட வரலாறு நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலேரியாவால் மடிந்தவர்கள் ஏராளம். 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்று ரொனால்டு ரோஸ் 1897-ஆம் ஆண்டில் கண்டறிந்ததை நம்பி, சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். பின்னர் தோட்டங்களில் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்கெடுத்தார். எந்தத் தோட்டத்தில் நோய் அதிகம், எங்கே வடிகால் வேண்டும் என்பதை அந்தக் கணக்கு சொன்னது. நம் பாட்டன்மாருக்கு அன்று வாய் திறந்து பேசும் நிலை இல்லை. அவர்களுக்காகப் பேசியது அந்தக் கணக்குதான். குரலற்றவனுக்கு அளவுதான் சாட்சி. ஃபிளின்ட் நகரத்துக் குழந்தைகளுக்கும் அப்படியே.

இனி, என் மாணவன் காட்டிய படத்துக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், பூமி தினத்தன்று எடுக்கப்பட்ட படம் அது. அவ்வாண்டு அமெரிக்காவின் புதிய அரசாங்கம் விஞ்ஞானத்துக்கான செலவைப் பெரிதும் வெட்டத் திட்டமிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்புக்கு 31 விழுக்காடும், தேசிய சுகாதார ஆய்வுக் கழகங்களுக்கு ஏறக்குறைய 18 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்பது அதன் யோசனை. இதனால் கவலையுற்றவர்கள் வாஷிங்டன் நகரில் ‘விஞ்ஞானத்திற்கான ஊர்வலம்’ ஒன்றுக்கு அழைப்பு விடுத்தார்கள். அதே நாளில் உலகெங்கும் 600-க்கும் மேற்பட்ட நகரங்களில் மக்கள் கூடினார்கள்.

வாஷிங்டனில் அன்று மழை. நனைந்தபடியே பல்லாயிரம் பேர் நின்றார்கள். ஊர்வலத்தின் கௌரவத் தலைவர்களில் ஒருவர், நான் சற்று முன் சொன்ன குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா. மற்றொருவர் லிடியா வில்லா-கொமராஃப் என்ற உயிரியல் அறிஞர். பாக்டீரியாவைக் கொண்டு இன்சுலினை உண்டாக்கலாம் என்று 1978-ஆம் ஆண்டில் காட்டிய குழுவில் இருந்தவர். இனிப்புநீர் நோய்க்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அத்தகைய ஆய்வின் அருமை தெரியும்.

எல்லா விஞ்ஞானிகளும் இந்த ஊர்வலத்தை வரவேற்றார்களா என்றால், இல்லை. ராபர்ட் யங் என்ற நிலவியல் பேராசிரியர், இது வேண்டாத வேலை என்று நியூயார்க் நாளேடு ஒன்றில் வெளிப்படையாகவே எழுதினார். விஞ்ஞானிகள் கொடி பிடித்தால் மக்கள் அவர்களையும் ஒரு கட்சிக்காரர்களாகப் பார்ப்பார்கள், அதைவிட அவரவர் ஊரில் மக்களோடு கலந்து பழகி விஞ்ஞானத்தை விளக்குவதே மேல் என்பது அவருடைய வாதம்.

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. விஞ்ஞானிக்கு இருக்கும் பெரிய சொத்து, அவர் யார் பக்கமும் சாயாதவர் என்ற நம்பிக்கை. அது போய்விட்டால் அவருடைய அளவையும் எவரும் நம்பமாட்டார்கள். என்றாலும் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபிளின்ட் மருத்துவர் தமது கணக்கை ஆய்விதழில் அச்சாகும்வரை மேசைக்குள் பூட்டி வைத்திருந்தால், அத்தனை மாதமும் குழந்தைகள் அந்த நீரைத்தானே குடித்திருப்பார்கள்? பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

ஊர்வலத்தால் விளைந்த பயன் என்ன? 2017-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம், அவ்வாண்டுக்குச் சுகாதார ஆய்வுக் கழகங்களின் நிதியைக் குறைப்பதற்கு மாறாக 2 பில்லியன் டாலர் உயர்த்தியது. இது ஊர்வலத்தால் மட்டுமே நிகழ்ந்தது என்று சொன்னால் அது மிகை. நோயாளிகள் சங்கங்கள், மருத்துவர்கள், இரு கட்சி உறுப்பினர்கள் எனப் பலருடைய முயற்சி அதில் உண்டு. இந்த வெற்றி நிரந்தரமும் அன்று. 2025-ஆம் ஆண்டில் மீண்டும் ஆய்வு நிதிகள் வெட்டப்பட்டபோது, மார்ச் 7-ஆம் நாள் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் விஞ்ஞானிகள் மறுபடியும் வீதிக்கு வர வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இதன் எதிரொலி கேட்டது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் சென்னை உட்படப் பல நகரங்களில் பேராசிரியர்களும் மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்கு 1 விழுக்காடுகூடச் செலவிடப்படவில்லை, அதை 3 விழுக்காடாகவும் கல்விக்கான செலவை 10 விழுக்காடாகவும் உயர்த்துங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. அறிவுக்கு ஒவ்வாத கருத்துகளை விஞ்ஞானம் என்ற பெயரில் பரப்பாதீர்கள் என்றும் கேட்டார்கள். அவர்கள் தங்களுக்குத் துணையாகக் காட்டியது நாட்டின் அரசியல் சட்டத்தையே. 1976-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது. கடமை விஞ்ஞானிக்கு மட்டுமன்று, ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியது என்பதே அதன் சிறப்பு.

அன்பர்களே, இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். விஞ்ஞானம் உண்மை என்றால் ஏன் ஊர்வலம்?

பயறு வெளுத்துப்போவதை நிரூபிக்க ஊர்வலம் தேவையில்லை. ஆனால், ‘பயற்றை அளக்காதே’ என்று ஒருவர் அளவுகோலைப் பிடுங்கினால், ‘அளந்ததை வெளியே சொல்லாதே’ என்று ஏட்டைப் பறித்தால், அந்த அளவுகோலையும் ஏட்டையும் திரும்பக் கேட்பதற்கு வாய் திறந்துதான் ஆக வேண்டும். ஓர் ஊர்வலத்தைக் கண்டால் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் கேட்பது என்ன என்று பாருங்கள். ஒரு முடிவைக் கூட்டத்தின் பலத்தால் ஒப்புக்கொள்ளச் சொன்னால், ‘சான்று எங்கே?’ என்று கேளுங்கள். உண்மையைத் தேடும் வழியைத் திறந்துவிடச் சொன்னால், அது நம் பிள்ளைகளின் குடிநீருக்கும் மருந்துக்கும் சேர்த்து எழுப்பும் குரல் என்று அறியுங்கள்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும், அதே மாணவன் மீண்டும் கையைத் தூக்கினான். “ஐயா, ஊர்வலம் போனவர்கள் நினைத்தது தவறு என்று அந்த அளவே காட்டிவிட்டால்?” என்றான்.

“அப்படியானால் பதாகையை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் ஏட்டைத் திருத்த வேண்டியதுதான். அதற்கு மனமில்லாதவர் விஞ்ஞானத்திற்காக ஊர்வலம் போகத் தகுதியில்லாதவர்” என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போய்த் தன் பயற்றுக் கிண்ணத்தை எடுத்தான். வெளுத்துப்போயிருந்த அந்த நாற்றைச் சன்னலோரத்தில் வைத்து, ஏட்டில் நாளைக் குறித்துக்கொண்டான். இனி அது பச்சையாகுமா என்று பார்க்கப் போகிறானாம்.

உங்கள் வீட்டுச் சன்னலோரத்திலும் அப்படி ஒரு கிண்ணத்தை வைத்துப் பாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.